என் மார்புக்கு ஒரு உத்தரவு

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முந்தானையைத்தான் பார்த்தார்கள். எடுத்துவிட்டார்களா, இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அத்தனை பேருக்கும் அவசரம், நேராகக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கொரு பெட்டி பால்கோவா வேறு வாங்கிவந்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பது அந்த ஊருக்கே தெரியும். அங்கே காவல் நிலையத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, மருமகள் தட்டில் வைத்துக் கொடுத்ததை அவர்களே தின்றுவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"இருக்கு. கட்டியை மட்டுந்தான் எடுத்திருக்காங்க. போதுமா? உள்ள வாங்க."

மருமகள் வெட்கத்தில் சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கென்ன வெட்கம்? எழுபது வயதில் அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அல்லவா வெட்கப்பட வேண்டும்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் ஓய்வுபெற்ற போலீஸ்காரி, தெருவுக்கு இன்னமும் ஏட்டம்மா. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து வந்தவர், வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்துக்காரர். மகன் பட்டாளத்தில் வடக்கே எங்கேயோ பனியில் நிற்கிறான். அவன் பெண்டாட்டி எங்களோடு இருந்துகொண்டு ஒரு மில் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். குளிக்கும்போது கையில் பட்டாணி மாதிரி ஒன்று தட்டுகிறது என்று நான் முதலில் சொன்னது அவளிடம்தான். அன்றைக்கே லீவு போட்டு மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புற்றுதான் என்று சொன்னார்கள். கட்டியை எடுத்தார்கள், அக்குளில் நெறி என்கிற நிணநீர் முடிச்சுகளில் இரண்டு மூன்றை எடுத்துச் சோதித்தார்கள். கட்டி சின்னது, சுற்றிலும் ஓரம் சுத்தம், நெறியில் ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. என் வீட்டுக்காரர் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். "ரேடியேஷன் டாக்டரையும் ஒரு தடவ பாத்துருங்க" என்று பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மருமகளைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம்.

"வலி எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பரவால்லைங்க மேடம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கைய மேல தூக்க முடியுதா?"

"தூக்குதாங்க மேடம்."

"கட்டி வந்தது ஒங்களுக்கா எனக்கா?" என்று அவரைக் கேட்டேன். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால், வழக்கமாக மீதி மார்புக்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் அழிந்துபோகும். ஆனால் என் வயதில், இந்த மாதிரிச் சின்னக் கட்டி, அதுவும் ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற ரகம் என்றால், கதிர்வீச்சை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் ஐந்து வருஷம் விடாமல் சாப்பிடுவதும் ஒரு வழிதான். கதிர்வீச்சு வைத்தால் அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு இன்னும் குறையும், வைக்காவிட்டால் கொஞ்சம் கூடும். ஆயுசு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வைப்பதென்றால் சில வாரங்களுக்குத் தினமும் மதுரைக்கு வந்து போக வேண்டும். தோல் சிவந்துபோகும், அசதி இருக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

"அப்ப வைக்கணுமா, வேண்டாமா?" என்றேன்.

"ஒங்களுக்கு ரெண்டுமே தப்பில்லம்மா. நீங்க யோசிச்சு முடிவு பண்ணுங்க."

எனக்கு வந்ததே கோபம். எழுபது வருஷமாக என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாப்பிள்ளை, எந்த ஊர் ஸ்டேஷன், எந்தப் பந்தோபஸ்துக்கு எந்த வெயிலில் நிற்பது, எல்லாம் இன்னொருவர் சொன்னதுதான். பெற்ற பிள்ளைக்குப் பெயர்கூட மாமனார் வைத்தது. கேட்டதும் கேட்டார்கள், இதையா கேட்பார்கள்? படித்தவர் அவர். மெஷினும் அவரிடம்தான் இருக்கிறது. நான் முடிவு பண்ண வேண்டுமாம்.

"ஒங்க அம்மாவா இருந்தா என்ன செய்வீங்க?" என்று மடக்கினேன்.

"எங்க அம்மா ரொம்பப் பயந்தவங்க. வச்சாத்தான் நிம்மதியாத் தூங்குவாங்க, அதனால வச்சுருப்பேன். நீங்க எப்படின்னு எனக்குத் தெரியாதேம்மா."

நான் எப்படி என்று என்னை இதுவரை யாரும் கேட்டதில்லையே.

காரில் திரும்பி வரும்போது கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் என் வீட்டுக்காரர், முன்சீட்டில் இருந்து திரும்பாமலே, "சாமிகிட்ட உத்தரவு கேட்டுருவோம்" என்றார்.

அவர் வழக்கம் அது. மகாராஜபுரத்துக்கு வெளியே தோப்புக்குள் அவர்களுடைய குலதெய்வக் கோயில் இருக்கிறது. ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் அங்கே போய்ப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே அளவு இலையில் வெளியே தெரியாமல் மடித்து, சாமி காலடியில் வைத்து, இந்தப் பூ வந்தால் சரி, அந்தப் பூ வந்தால் வேண்டாம் என்று சொல்லிக் கும்பிடுவார்கள். பூசாரியோ, அங்கே நிற்கிற பச்சைப்பிள்ளையோ ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வந்தது உத்தரவு. அதற்கு மேல் பேச்சில்லை. வாழ்நாளெல்லாம் மேலிருந்து உத்தரவு வாங்கியே பழகிய மனுஷனுக்கு இது ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

எனக்கு அந்தப் பூவைக் கண்டாலே ஆகாது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குப் பதவி உயர்வோடு வெளிமாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. இவர் லீவில் வந்திருந்தார். பூக்கட்டிப் பார்த்தார். போக வேண்டாம் என்று வந்தது. போகவில்லை. என்னோடு பயிற்சி முடித்தவள் இன்ஸ்பெக்டராக ஜீப்பில் வந்து இறங்கும்போது நான் எழுந்து நின்று சல்யூட் அடித்தேன். அவள் என்னைத் தனியாகப் பார்த்தபோது "நீயும் போயிருக்கலாம்ல" என்றாள். அன்றைக்கே தீர்மானம் செய்தேன், இனிமேல் பூ எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நான் என்று. மகாராஜபுரம் தோட்டத்தில் போர் போடக் கிழக்கு மூலை என்று பூ சொன்னது. மேற்கு மூலையில்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தண்ணீர் பொங்கியது. மகனைப் பட்டாளத்துக்கு விட வேண்டாம் என்று பூ சொன்னது. விட்டே தீருவேன் என்றேன். இவர் முணுமுணுத்துக்கொண்டே ஆள் எடுக்கிற இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது நான்தான்.

அதனால் காரில் இருந்தபடியே சொன்னேன்.

"என் ஒடம்புக்குப் பூக்கட்டுற வேலையெல்லாம் வேண்டாம். கேட்டுக்கிட்டீங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவர்தான் தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு ஒரு டாக்டர். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை, கரண்டு வைப்பது என்பார்கள். கூமாப்பட்டியிலிருந்து வந்த என் சித்தி மகள் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. கரண்டு வச்சா நெஞ்சே கருகிரும். எங்க ஊருல ஒருத்திக்கு வச்சு, கருகிப் போச்சு."

"அவ இருக்காளா?"

"இருக்கா. முந்தாநேத்துகூட எங்க வயல்ல களை எடுக்க வந்தா."

"அப்பொறம் என்னட்டி கருகிப் போச்சு? எந்திரிச்சுப் போ."

மகன் போனில் பேசினான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். டாக்டர் சொன்னது, மாத்திரை, மதுரைக்குப் போய்வருவது என்று நான் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்ததும், "அப்பா என்ன சொல்லுதாரு?" என்றான். போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். பெற்று வளர்த்தது போதும் என்று இருந்தது.

நான் ஒரு முடிவுக்கு வர முடியாமல்தான் திண்டாடிக்கொண்டிருந்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு நேரம் வேண்டாம் என்று தோன்றும். தினமும் அவ்வளவு தூரம் போய், மேலாடையைக் கழற்றி, முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் கையைத் தூக்கிப் படுத்துக் கிடக்க வேண்டுமா, டாக்டரே அவசியமில்லை என்கிற மாதிரிச் சொன்ன பிறகு எதற்கு என்று நினைப்பேன். இன்னொரு நேரம் தையல் போட்ட இடத்தில் கை போகும். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால்? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். ஆனாலும் வேண்டாம் என்ற பக்கம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தேன். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் நானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

விட்டால்தானே. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் வாசல் செடியில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பூஜைக்கு என்று நினைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு நெற்றி நிறையத் திருநீறோடு வந்து இறங்கினார்.

"எங்க போயிட்டு வாரீங்க?"

"கோயிலுக்கு."

"எதுக்கு?"

என்னைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "வெள்ள வந்துருச்சும்மா. கரண்டு வேண்டாம்னு உத்தரவு."

குழம்பு கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை வீசினேன். அவர் மேல் படவில்லை. படக்கூடாது என்று குறிபார்த்துத்தான் வீசினேன், துப்பாக்கி பிடித்த கை இது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? மாரு என்னோடது. அத வெட்டிக்கிட்டு வந்து கெடக்குறவ நானு. ஒங்க ஊரு பூசாரி எடுத்துக் குடுத்தா நான் தலையாட்டணுமா?"

"சாமி சொன்னத நான் சொன்னேன். பொறவு ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார். எப்போதும் பூ விஷயத்தில் எதிர்த்துப் பேசினால் வீடு இரண்டாகும்வரை கத்துவார். அன்றைக்குக் கத்தவில்லை. நான் ஒருத்தியாகக் கத்திக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். கதிர்வீச்சு வைத்துக்கொள்கிறேன், தேதி கொடுங்கள் என்றேன். முதலில் ஒரு ஸ்கேன் எடுத்து மார்பில் அடையாளப் புள்ளி வைப்பார்கள், அதற்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அவர் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மருமகளோடு மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் அவர்கள் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். பக்கத்தில் அதே அங்கியில் இன்னொரு பெண் இருந்தாள். நாற்பதுகூட இருக்காது. தலையில் முடியில்லை, துணி கட்டியிருந்தாள். என் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். தனக்குக் கட்டி பெரிது, நெறியிலும் பரவியிருந்தது, மார்பை எடுத்து, ஊசி மருந்து ஏற்றி, இப்போது இது என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

"எனக்கு வைக்கட்டுமான்னு யாரும் கேக்கவே இல்லக்கா. வச்சே ஆகணும்ட்டாங்க. ஒங்களுக்கும் அப்பிடித்தானா?"

"இல்ல. எனக்குச் சின்னக் கட்டி. வைக்காட்டியும் பரவால்லன்னுதான் சொன்னாங்க."

"அப்பொறம் எதுக்குக்கா வைக்குறீங்க?"

"எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னாரு. அதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சிரிக்கவில்லை. கேலி செய்யவும் இல்லை. விளங்காமல்தான் பார்த்தாள். வாயிலிருந்து வந்ததை என் காது அப்போதுதான் கேட்டது. ஸ்டேஷனில் எத்தனையோ பேரை முன்னால் உட்காரவைத்து ஏன் செய்தாய் என்று கேட்டிருக்கிறேன். இதைவிட மட்டமான காரணத்தை ஒருத்தனும் சொன்னதில்லை. வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்குப் பக்கத்தில், புருஷனைப் பழிவாங்க உட்கார்ந்திருக்கிறேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஸ்கேன் முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். இப்போதே பார்க்க வேண்டும் என்று ஏட்டம்மா குரலில் சொன்னேன், பார்க்கவிட்டார்கள். மருமகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்த அங்கியோடேயே டாக்டருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"போன தடவ நான் ஒழுங்காக் கேக்கல. இப்பக் கேக்கேன். வைக்காம விட்டு, நாளைக்கு அதே எடத்துல திரும்ப வந்தா என்ன செய்வீங்க?"

"மறுபடி ஆபரேஷன். அப்பவும் சின்னதா இருந்தா கட்டிய மட்டும் எடுத்துட்டு, கதிர்வீச்சு வைக்க வழி இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா, வாய்ப்பு இருக்கு."

"வச்ச பொறவும் வந்தா?"

"ஒரு தடவ வச்ச எடத்துல மறுபடி வைக்கிறது பெரும்பாலும் முடியாது. மாரை முழுசா எடுக்க வேண்டி வரும்."

"இத ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"சொன்னேன்மா" என்றார் மெதுவாக. "நீங்க அப்பக் கோவமா இருந்தீங்க."

அவர் சொல்லியிருப்பார். நான் கேட்டிருக்க மாட்டேன். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். மூட்டு வலி வரலாம், எலும்பு பலம் குறையலாம், அதற்கும் சோதனை உண்டு, வலித்தால் வந்து சொல்ல வேண்டுமே தவிர நானாக நிறுத்தக் கூடாது என்றார். வருஷா வருஷம் மேமோகிராம் எடுக்க வேண்டும். மாத்திரையை விழுங்காமல் கதிர்வீச்சும் வைக்காமல் இருந்தால் அது வேறு கதை என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நான் யோசித்து முடிக்கும்வரை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதற்காகவே அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. தினமும் ஒரு மாத்திரை விழுங்க என்னால் முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். முடியும், சர்க்கரை மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. திரும்ப வந்தால் தாங்குவேனா? தெரியாது. ஆனால் வந்தால் கையில் இன்னொரு வழி மிச்சம் இருக்கட்டும், இப்போதே எல்லாவற்றையும் செலவழிக்க வேண்டாம் என்று தோன்றியது. இது பூவுக்கு எதிராகவும் தோன்றவில்லை, பூவுக்காகவும் தோன்றவில்லை. பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"வேண்டாம் டாக்டர். மாத்திரை போதும். இது யாரு சொல்லியும் இல்ல."

"சரிம்மா. மனசு மாறினா தள்ளிப்போடாம இன்னும் சில வாரத்துக்குள்ள வாங்க. அதுக்குப் பொறவு வச்சுப் பெருசாப் பிரயோசனம் இருக்காது."

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே கவலை. வேண்டாம் என்று வந்துவிட்டேன் என்றால் என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொள்வார். பார்த்தாயா, சாமி சொன்னது பலித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்வார். அதற்கு நறுக்கென்று என்ன பதில் சொல்வது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் மூன்று நான்கு தயார் செய்துவிட்டேன். எல்லாம் நல்ல பதில்கள்.

வீட்டுக்குள் நுழைந்தேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றேன்.

"எதை?"

"கரண்டு வைக்கிறத. போதுமா? சந்தோசமா?"

மீசைப் பக்கம் கை போகவில்லை. எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார்.

"ஏட்டி, வைக்கிறேன்னுதான போன?"

"போனேன். இப்ப வேண்டாங்கேன். ஒங்க சாமி சொன்னதும் அதுதான?"

"அது வெள்ள இல்லட்டி" என்றார். "செவப்புதான் வந்துச்சு. வைக்கணும்னுதான் உத்தரவு."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "பொறவு எதுக்கு வெள்ளன்னு சொன்னீங்க?"

"நான் வைக்கணும்னு சொன்னா நீ வைக்க மாட்ட. வேண்டாம்னு சொன்னாத்தான் வரிஞ்சு கட்டிக்கிட்டுப் போவ. எம்புட்டு வருசமா ஒன்னோட குடித்தனம் பண்ணுதேன், எனக்குத் தெரியாதா?"

மருமகள் டி.வி.யை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"போர் போட்டது?" என்றேன்.

தரையைப் பார்த்தார். "நீரோட்டம் பாத்தவன் மேற்கதான் தண்ணி இருக்குன்னான். நான் சொன்னா நீ ஒத்துக்கிட மாட்ட."

"பையனப் பட்டாளத்துக்கு விட்டது?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டாளத்துக்காரனுக்கு மகன் பட்டாளத்துக்குப் போவதைவிட வேறென்ன ஆசை இருந்திருக்கும்? எனக்கு அது தோன்றவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று தலையை நிமிர்த்தி நடந்தேனே, அத்தனையும் அவர் ஆட்டிவைத்தது. வலப்பக்கம் திருப்ப வேண்டிய மாட்டுக்கு இடப்பக்கம் ஒரு தட்டுத் தட்டுவார்களே, அப்படித்தான் என்னை ஓட்டியிருக்கிறார். கரண்டியை அன்றைக்குக் குறிதவற வீசியதற்கு வருத்தப்பட்டேன். என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று எழுத முடியாது, ஸ்டேஷனில் கற்றுக்கொண்ட வார்த்தைகள் முழுவதும் வெளியே வந்தன. அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "நாளைக்கே போயி வச்சுக்கிடுதேன்னு சொல்லிருட்டி" என்றார். "நான் வேணும்னா கூட வரல. நீயும் மருமகளும் போங்க."

"மாட்டேன். யோசிச்சுத்தான் சொல்லியிருக்கேன்." டாக்டரிடம் நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் சொன்னேன். அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"சரி, இன்னொரு தடவ கேட்டுப் பாத்துருவோம். இந்தத் தடவ நீயும் வா. நீயே பொட்டலத்த எடு. பொய் கிய்யி ஒண்ணும் கெடையாது."

"யாருகிட்டக் கேக்க?"

"சாமிகிட்டதான்."

"எங்கிட்டக் கேளுங்க" என்றேன்.

அவர் விழித்தார். எல்லையில் துப்பாக்கியோடு நின்ற மனுஷன், கேள்வி தெரியாத பையன் மாதிரி நின்றார். "என்ன கேக்க?"

"அதையும் நான்தான் சொல்லித் தரணுமா?"

என் எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "வைக்காம விட்டா ஒனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. வச்சாலும் இருக்கும்."

"பொறவு?"

"பயத்தோடதான் இருக்கணும். மாத்திரையச் சாப்பிடணும், வருசா வருசம் போயிப் பாக்கணும். என்னால முடியும்."

"சரி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் சொன்ன ஒன்றுக்கு, எதிர்த்துப் பேசாமல் அவர் சொன்ன சரி அது ஒன்றுதான். எனக்கு அதைக் கேட்டதும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, இப்படிச் சொன்னால் நான் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று எதையாவது கணக்குப் போட்டுத்தான் சொல்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் நான் நம்பவில்லை. நம்ப முடியவில்லையே என்றுதான் அன்றைக்கு அழுதேன்.